பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இருக்காது: டெல்டாவின் இருளர், நரிக்குறவர் சிறுமிகளும் பள்ளிக்கூடமும்

ஒரு சிறுமி பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டாள் என்று தெரிந்ததும் ஏன் நின்றாள், யார் நிறுத்தியது என்று கேட்போம். விசாரணை பெரும்பாலும் தாய் தகப்பனிடம் போய் முடியும்: "அவங்களுக்குப் படிப்போட அருமை தெரியல." காவிரி டெல்டாவில் வேட்டையும் சேகரிப்புமாக வாழ்ந்துவந்த சமூகங்களின் பெண் குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பதில் அநேகமாகத் தப்பு. அவர்கள் ஒரே நாளில் நிற்பதில்லை. நாலு நாள் வராமல், பத்து நாள் வந்து, மறுபடி இரண்டு வாரம் காணாமல் போய், ஒரு சான்றிதழ் கிடைக்காமல், வகுப்பு தாண்டும்போது பள்ளி தூரமாகி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவுகிறார்கள். கடைசியாக வந்த நாள் எது என்று யாருக்கும் நினைவிருக்காது. எந்த வயதில், எந்த மாதத்தில், எந்த அலுவலக மேசையில் இது நடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதையாவது சரிசெய்ய முடியும். புதிதாக இந்த வேலைக்கு வரும் ஆசிரியர், தன்னார்வலர், ஊராட்சி உறுப்பினர் போன்றவர்களுக்கான அறிமுகம் இது.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

பழங்குடி என்றதும் மலை நினைவுக்கு வருகிறது. டெல்டாவில் மலை இல்லை. அதனாலேயே இங்கே பழங்குடி இல்லை என்று நினைக்கும் அதிகாரிகளும் உண்டு. கொள்ளிடம் கடலில் சேரும் பகுதியில், கிள்ளை, பிச்சாவரம், சீர்காழி வட்டாரங்களில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. கழிமுகத்தில் கையாலேயே இறாலும் நண்டும் பிடிப்பது, அறுவடை முடிந்த வயலில் எலி வளை வெட்டுவது, விறகு வெட்டு, செங்கல் சூளை என்று பிழைப்பு. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய பழங்குடிகளாக ஒன்றிய அரசு அடையாளம் கண்ட ஆறு சமூகங்களில் இருளரும் ஒன்று.

நரிக்குறவர் குடியிருப்புகளில் பெயர் தெரிந்தது திருச்சிக்குக் கிழக்கே துவாக்குடியை ஒட்டிய தேவராயநேரி. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் ஊர் ஓரங்களிலும் சிறு குடியிருப்புகள் உண்டு. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமானது. ஊசி, பாசி, மணி விற்பனையே முழுநேரத் தொழிலாயிற்று. இவர்கள் 2022 வரை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியதால் நரிக்குறவர், குருவிக்காரர் என்ற இரண்டு பெயரிலும் இவர்கள் பழங்குடியினர் பட்டியலுக்கு வந்தார்கள்.

இதில் ஒரு விஷயம் பலருக்கும் தப்பிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிப் பெண்களின் எழுத்தறிவு 46.8 சதவீதம், மாநிலப் பெண்கள் மொத்தத்தில் 73.4. முதல் எண்ணில் நரிக்குறவர் சிறுமிகள் இல்லவே இல்லை, அப்போது அவர்கள் பட்டியலுக்கு வெளியே. இருளரும் நீலகிரி, ஜவ்வாது மலைக்காரர்களோடு கலந்த கணக்கில் கரைந்துபோயிருக்கிறார்கள். டெல்டாவின் நிலவரத்துக்கு யாராவது மேடையில் சதவீதம் சொன்னால், எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டுவிடுவது நல்லது.

வருகைப் பதிவேடு காட்டாதது

கல்வி உரிமைச் சட்டம் (2009-இல் வந்து 2010 ஏப்ரல் 1 முதல் அமல்) ஆண்டுக்கு 1 முதல் 5 வரை 200 வேலைநாள், 6 முதல் 8 வரை 220 வேலைநாள் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் ஒரு குழந்தை தொடர்ந்து 30 வேலைநாள் வரவில்லை என்றால் பள்ளி செல்லாக் குழந்தையாகக் கணக்கில் ஏறும். "தொடர்ந்து" என்ற நிபந்தனையில்தான் சிக்கல். 25-ஆம் நாள் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டுப் போனால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். வருடத்தில் பாதி நாள் வராத பிள்ளை, காகிதத்தில் ஒருபோதும் இடைநிற்காத பிள்ளையாகவே இருக்க முடியும்.

பள்ளிக்கும் பெயரை எடுக்க மனம் வராது. ஆசிரியர் பணியிடம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்து நிர்ணயிக்கப்படுகிறது. சின்னத் தொடக்கப் பள்ளியில் ஆறேழு நரிக்குறவர் பிள்ளைகளின் பெயரை எடுத்தால் ஓர் ஆசிரியர் பணியிடமே ஆட்டம் காணலாம். ஆகவே பெயர் இருக்கும், பிள்ளை இருக்காது. இதில் தலைமையாசிரியரைத் திட்டிப் பயனில்லை. விதி அப்படி அமைந்திருக்கிறது. ஒரு பள்ளியின் உண்மை நிலை வேண்டுமென்றால் மொத்த எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். குடியிருப்பிலிருந்து வரும் பெண் குழந்தைகளின் வருகையை மட்டும் மாதவாரியாக ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த மாதத்தில் குழி விழுகிறது என்பது கண்ணில் அறையும்.

குழி விழும் மாதங்கள்

நரிக்குறவர் பிழைப்பு திருவிழா நாட்காட்டியோடு ஓடுவது. வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை. போவதும் வருவதும் சேர்த்து பத்து வேலைநாள் அங்கேயே போகும். திரும்பி வந்து உட்கார்ந்ததும் காலாண்டுத் தேர்வு. அதைவிடப் பெரிய பள்ளம் கார்த்திகை முதல் தேதியில் தொடங்கும். மண்டல பூஜை 41 நாள், பிறகு மகரவிளக்கு ஜனவரி 14 வாக்கில். சபரிமலைப் பாதையில் பாசிமணி விற்கப் போகும் குடும்பம் அதன்பின் அப்படியே பழனி தைப்பூசத்துக்கும் போய்விட்டு வரும். அரையாண்டுத் தேர்வும் அதற்கு முந்தைய பாடங்களும் இதில் முழுசாக மூழ்கிவிடும். நடுவில் வரும் விடுமுறையைக் கழித்தாலும் மொத்தத்தில் 50 வேலைநாள் பக்கம் போகும், அதாவது கல்வியாண்டில் கால்வாசி.

பையன்களைப் பாட்டியோடு விட்டுப் போகும் குடும்பம்கூடப் பெண் பிள்ளையைக் கூட்டிக்கொண்டுதான் போகும். எட்டு ஒன்பது வயதில் மணி கோர்க்கக் கற்றுக்கொண்டிருப்பாள். கடைவிரிப்பில் கைக்குழந்தையையும் பார்த்துக்கொள்வாள். தார்ப்பாய் வீட்டில் அவளைத் தனியே விட அம்மாவுக்கு மனசு வராது. மூன்றும் ஒன்றாகச் சேரும்போது, "பிள்ளையை அனுப்புங்கம்மா" என்ற அறிவுரை எடுபடாது.

இருளர்களின் கால அட்டவணை வேறு. சம்பா, தாளடி அறுப்பு தை, மாசியில். அறுத்த வயலில் எலி வளை வெட்டினால் எலியும் கிடைக்கும், வளைக்குள் சேர்ந்திருக்கும் நெல்லும் கிடைக்கும். பொங்கல் கழிந்து முன்பணம் வாங்கிய குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் புறப்பட்டால் ஜூன் வரை திரும்ப மாட்டார்கள். அறுத்துப் போட்ட பச்சைக் கல்லைப் புரட்டிக் காயவைப்பது சூளையில் குழந்தைகள் வேலை. முழு ஆண்டுத் தேர்வு எழுதாமலேயே அவள் அடுத்த வகுப்புக்குப் போய்விடுவாள், எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை. அது நல்ல விதிதான். ஆனால் விட்டுப்போன மூன்று நான்கு மாதப் பாடத்தை யார் சொல்லித் தருவார்கள் என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை.

இடம்பெயரும் குழந்தையை அந்தந்த இடத்துப் பள்ளியில் சேர்ப்பது சட்டப்படி முடியும். மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் எது தடுக்கிறது? எமிஸ் எண். பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஒவ்வொரு மாணவருக்கும் உள்ள அந்த எண்ணைப் பழைய பள்ளி பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் பட்டியலில் சேர்க்க முடியும். பழைய பள்ளியோ எண்ணிக்கை குறையும் என்று விடுவிக்காமல் வைத்திருக்கும். சூளைக்குப் பக்கத்துப் பள்ளி நல்ல மனதோடு பிள்ளையை உட்கார வைத்தாலும் அவளுக்குப் பாடப்புத்தகம், சீருடைக் கணக்கு வராது. புத்தகம் இல்லாமல் இரண்டு வாரம் உட்கார்ந்தவள் மூன்றாவது வாரம் வரமாட்டாள். தொடர்புடையவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை: குடும்பம் கிளம்பும் முன்பே எமிஸ் எண், வகுப்பு, பிறந்த தேதி, தலைமையாசிரியர் கைபேசி எண் நான்கையும் ஓர் அட்டையில் எழுதி அம்மா கையில் கொடுத்துவிடுங்கள். போய்ச் சேரும் இடத்தின் வட்டார வள மையத்துக்கு ஒரு போன். அப்புறம் பழைய பள்ளியில் நின்று எண்ணை விடுவிக்கச் சொல்லுங்கள்.

கழியில் நீர் வற்றும் நேரம்

கிள்ளைப் பக்கத்து இருளர் பெண்கள் இறால் பிடிக்க வலை எடுப்பதில்லை. இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைக் கையால் தடவி ஒவ்வொன்றாகப் பிடிப்பார்கள். இரண்டு கையும் நீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியை வாயால் கவ்விக்கொண்டே நடப்பார்கள். நீர் வற்றும்போதுதான் இந்த வேலை நடக்கும். அந்த நேரமோ தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். இன்று விடியற்காலை ஐந்து மணிக்கு இறங்கிய தாய், நாலைந்து நாள் கழித்துக் காலை ஒன்பது மணிக்கு இறங்குவாள். பள்ளி மணியும் அதே ஒன்பதுக்கு.

அப்போது ஒரு வயதுக் குழந்தையை யார் பார்ப்பது? அங்கன்வாடியில் இரண்டு வயதானால்தான் நாள் முழுக்க உட்கார வைப்பார்கள். ஆகவே பத்து வயது அக்கா வீட்டில் இருப்பாள். பாடம் கசந்தோ வாத்தியாருக்குப் பயந்தோ அவள் நிற்கவில்லை, தம்பிப் பாப்பாவுக்காக நிற்கிறாள். இதைப் புரிந்துகொண்ட பள்ளிகள், இரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தையை அங்கன்வாடியில் விட்டுச்செல்லும்படி பணியாளரோடு பேசிவைத்திருக்கின்றன. பேச்சுவாக்கில் செய்த ஏற்பாடு என்பதால் பணியாளர் மாறினால் அதுவும் போகும். குழந்தைக் காப்பகம் ஒன்று இருந்தால் பெரிய வகுப்புச் சிறுமிகளின் வருகை ஏறும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. பெண் கல்வி பற்றிய பேச்சில் காப்பகத்தை யாரும் சேர்ப்பதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

முதல் வகுப்பின் முதல் மூன்று மாதம்

நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்தியோடு உறவுள்ள மொழி, எழுத்து கிடையாது. விற்பனைக்குப் போன பிள்ளைக்கு விலை பேசும் தமிழ் வரும். பாடப்புத்தகத் தமிழ் வராது. "பென்சிலை எடு, கோட்டுக்கு மேலே எழுது, பக்கத்தைத் திருப்பு" என்பதைப் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துப் பார்த்துச் செய்வாள். ஒரு நொடி தாமதமாகும். ஆசிரியர் கண்ணுக்கு அது மந்தமாகத் தெரியும், அவளைக் கடைசி வரிசையில் வைப்பார். கடைசி வரிசைக்குப் போனவள் மறுபடி முன்னே வருவது அரிது.

இருளர் வீட்டில் தமிழ்தான், அங்கே இந்தத் தடை இல்லை. அங்கே உள்ளது வேறு: குளிக்கவில்லை, தலை வாரவில்லை, எலி தின்பவள் என்ற பேச்சு. மூன்று குடும்பத்துக்கு ஒரு அடிபம்பு உள்ள இடத்தில் காலை எட்டு மணிக்கு நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது என்னவென்று கேலி பேசுபவர் ஒரு நாள் செய்து பார்க்கட்டும். உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. புகார் தரலாம், 14417 என்ற கல்வி உதவி எண் இருக்கிறது. ஆனால் புகார் கொடுத்தபின் அதே ஆசிரியர் வகுப்பில்தான் பிள்ளை உட்கார வேண்டும். ஆகவே முதலில் பள்ளி மேலாண்மைக் குழுவில் குடியிருப்புத் தாய் ஒருவரை உறுப்பினராக்குவது மேல். குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கூட்டம் அவர் வேலைக்குப் போகாத நேரத்தில் நடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் கையெழுத்துக்கு மட்டும் ஆள் தேடுவார்கள்.

மொழிக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதே குடியிருப்பில் எட்டாவது, பத்தாவது வரை படித்த ஒரு பெண்ணை முதல் வகுப்பில் மூன்று மாதம் உட்கார வைத்தால் போதும், ஆசிரியர் சொல்வதை அவர் வாக்ரிபோலியில் ஒருமுறை சொல்வார். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலில், 2004 சுனாமிக்குப் பிறகு நரிக்குறவர், பூம்பூம் மாட்டுக்காரர் சமூகக் குழந்தைகளுக்காக உருவான வானவில் பள்ளி இப்பகுதியில் கவனிக்க வேண்டிய முயற்சி. இந்தக் குழந்தைகளுக்கு எந்தச் சூழலில் பள்ளி ஒட்டும் என்று பார்க்க விரும்புவோர் அங்கிருந்து தொடங்கலாம்.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே

மிகப் பெரிய இழப்பு நடக்கும் இடம் இது என்பது நம் கணிப்பு. தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் என்பது விதி. விதிப்படியே பார்த்தாலும் பதினோரு வயதுப் பெண்ணுக்கு நடை மூன்று மடங்காகிறது. டெல்டாவில் அந்த வழி வாய்க்கால் கரையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணீர்.

அதோடு இன்னொன்று நிற்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது, நம் டெல்டாவிலேயே. அது 1 முதல் 5 வரைதான். ஆறாம் வகுப்புக்குப் போகிறவள் காலைச் சாப்பாட்டை இழக்கிறாள், மதியம் வரை காலி வயிறு, மூன்று கிலோமீட்டர் நடை. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. அரசுப் பேருந்தில் மாணவருக்குக் கட்டணமில்லை, ஆனால் பேருந்து குடியிருப்புக்குள் வராது. இலவச மிதிவண்டி பதினொன்றாம் வகுப்பில் கிடைக்கும். அவளுக்கு அது தேவைப்படும் ஆண்டு ஆறாம் வகுப்பு.

இந்த இடத்தில் செய்யக்கூடியது நேரம் சார்ந்தது. ஏப்ரல் கடைசியில் ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் ஜூன் வரை காத்திருக்காமல், தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரே நடுநிலைப் பள்ளிக்கு எமிஸ் மாற்றத்தை முடித்துவிட வேண்டும். ஜூன் முதல் வாரத்தில் யாராவது ஒருவர் அந்தச் சிறுமிகளைக் கூட்டிக்கொண்டு புதுப் பள்ளி வரை நடந்து போய், எந்த அறை, கழிப்பறை எங்கே, எந்த ஆசிரியரிடம் பேசலாம் என்று காட்டிவிட்டு வர வேண்டும். குடியிருப்பிலிருந்து ஒருத்தி மட்டும் போனால் நீடிக்காது. இருவர், மூவராகப் போனால் நீடிக்கும்.

பதினோரு வயதாகியும் பள்ளிக்கே வராதவளை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டியதில்லை. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4-ஆம் பிரிவு. பயிற்சி மூன்று மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை. இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு, முதல் பாதியை மட்டும் செய்வது. ஆறாம் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்கள், பயிற்சி இருக்காது. கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதுவாள், ஒரு சொல்கூட வாசிக்க வராது.

சான்றிதழ் எங்கே சிக்கிக்கொள்கிறது

முதலில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டியதில்லை. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும் சேர்க்கையை மறுக்க முடியாது, 14-ஆம் பிரிவு. பாடநூல், சீருடை, மதிய உணவு எதற்கும் சாதிச் சான்றிதழ் கேட்கக் கூடாது. அது தேவைப்படுவது உதவித்தொகை, விடுதி, மேல்படிப்பு என்று வரும்போது. "சான்றிதழ் வாங்கிட்டு வா" என்று ஐந்து வயதுப் பிள்ளையைத் திருப்பி அனுப்புவது சட்ட மீறல்.

பட்டியல் மாறியதால் நரிக்குறவருக்கு ஒரு புதுச் சிரமம் சேர்ந்திருக்கிறது. மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வட்டாட்சியர் அலுவலகத்திலேயே துணை வட்டாட்சியர் நிலையில் முடிந்துவிடும். பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் தர முடியும். கிள்ளையில் இருப்பவருக்குச் சிதம்பரம். விண்ணப்பம் இ-சேவை மையத்தில் பதிவாகி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒவ்வொரு படியாக விசாரணைக் குறிப்போடு ஏறும்.

எங்கே அறுகிறது என்றால், பெரும்பாலும் இரண்டாவது படியில். ஆய்வாளர் குடியிருப்புக்கு வரும் நாளில் குடும்பம் ஊரில் இருக்காது. 'விண்ணப்பதாரர் முகவரியில் இல்லை' என்று எழுதிவிடுவார். நிராகரித்த குறுஞ்செய்தி இ-சேவை மையக்காரர் எண்ணுக்கோ, எப்போதோ மாற்றிவிட்ட சித்தப்பா எண்ணுக்கோ போகும். ஆறு மாதம் கழித்து, "இன்னும் வரலீங்க" என்று தகப்பன் சொல்லிக்கொண்டிருப்பார், விண்ணப்பமோ என்றைக்கோ இறந்துபோயிருக்கும். இருளர்களுக்கு வேறு மாதிரி: "இந்தப் பக்கம் இருளரே கிடையாதே" என்ற சந்தேகம், தகப்பனுக்குச் சான்றிதழ் இல்லை, ஆகவே மகளுக்கும் இல்லை என்ற வட்டம்.

பலிக்கும் முறை கொஞ்சம் பொறுமையான முறை. தனித்தனியாகப் போடாமல், குடியிருப்பு முழுக்க ஒரே மாதத்தில் விண்ணப்பியுங்கள். விசாரணைக்கு வருபவர் ஒரே நாளில் எல்லோரையும் பார்க்க முடியும். ஜூன், ஜூலை நல்ல காலம். கார்த்திகையில் போட்டால் வீணாகும். தந்தை வழியில் யாருக்காவது, சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ, சான்றிதழ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பக்கத்து மாவட்டத்தில் இருந்தாலும் பரவாயில்லை, ரத்த உறவின் சான்றிதழ்தான் வலுவான ஆதாரம். அதைக் கொண்டு மூன்று தலைமுறை வம்சாவளி ஒன்றை வரைந்து விண்ணப்பத்தோடு வையுங்கள். பெரியவர்களின் பழைய மாற்றுச் சான்றிதழில் 'குருவிக்காரர்' என்று இருந்தால் அதுவும் உதவும். கைபேசி எண்ணாக, ஊரில் நிலையாக இருக்கும் ஒருவருடைய எண்ணைக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். காரணம் தெரியாமல் மறுபடி போட்டால் அதே காரணத்துக்கு மறுபடி திரும்பும்.

ஆதாரிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஐந்து வயதுக்கு முன் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. ஐந்து வயதிலும் பதினைந்திலும் புதுப்பிக்க வேண்டும். செய்யாவிட்டால் வங்கிக் கணக்கு தொடங்கும்போது தடை வரும், கணக்கு இல்லையேல் பெண் குழந்தைகளுக்கான ஊக்கத்தொகை வராது. பிறந்த தேதி இன்னொரு தலைவலி. ஒன்றாம் வகுப்பில் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது; ஒரே குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் அனுப்பும் முன்பே ஆதாரில், பள்ளியில், பிறப்புச் சான்றிதழில் மூன்றிலும் ஒரே தேதி, ஒரே எழுத்துக்கோர்வை இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மதிப்பெண் சான்றிதழில் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

பெரியவளான வாரம்

பள்ளியில் கழிப்பறை இருக்கும், தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் தாழ்ப்பாள் இருக்காது. கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவச நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் 2011 வாக்கிலிருந்து நடக்கிறது. நாப்கின் கைக்கு வந்தாலும் மாற்ற மறைவிடம் வேண்டும், போட இடம் வேண்டும். தார்ப்பாய்க் குடிசையிலும் அது கிடையாது. மாதம் நாலு நாள் என்று வைத்தால், வார விடுமுறையைக் கழித்தாலும் ஆண்டுக்கு 30 வேலைநாள் பக்கம் இதிலேயே போய்விடும்.

சடங்கு முடிந்து பள்ளிக்குத் திரும்ப வேண்டிய வாரம் மிக முக்கியம். அந்த வாரம் வந்தவள் தொடர்வாள். வராதவளை அப்புறம் கூட்டி வருவது கடினம். வகுப்பாசிரியை, அதுவும் பெண்ணாக இருந்தால், சடங்குக்கே ஒருமுறை போய்விட்டு, "திங்கக்கிழமை வந்துருவாதானே?" என்று அம்மாவிடம் ஒரு தேதியைச் சொல்ல வைத்துவிட்டு வருவது நூறு விழிப்புணர்வுப் பேரணிக்குச் சமம்.

கல்யாணத்தைப் பற்றி. 2006-ஆம் ஆண்டின் சட்டப்படி பதினெட்டுக்குக் கீழ் பெண்ணுக்குத் திருமணம் கூடாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லலாம், ஆபத்து நெருங்கியிருந்தால் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் வரதட்சணைச் சுமையால் சீக்கிரம் கட்டிக்கொடுக்கிறார்கள் என்று இங்கே விளக்கம் சொன்னால் பொருந்தாது. நரிக்குறவரிடம் மாப்பிள்ளை வீட்டார் பரிசம் கொடுக்கும் வழக்கம் உண்டு. அவசரத்துக்குக் காரணம் பயம். கதவில்லாத வீடு, மாதக்கணக்கில் வெளியூர், பேருந்து நிலையத்தில் இரவு. அவர்களுக்குத் தெரிந்த காவல் கல்யாணம் ஒன்றுதான். புகாரை மட்டும் நம்பினால், கல்யாணம் வேறு மாவட்டக் குடியிருப்பில் நடக்கும். பதிவேட்டில் 'இடம்பெயர்ந்தார்' என்று ஒரு சொல் விழும். பூட்டக்கூடிய கதவுள்ள வீடும் பெண்கள் விடுதியும் இந்த வயதில் சட்டத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

விடுதி

பழங்குடியினருக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் பெரும்பாலும் மலை மாவட்டங்களில் இருக்கின்றன. டெல்டாவில் ஆதிதிராவிடர் நல விடுதிகளும், எட்டும் தூரத்தில் இருந்தால் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா என்ற பெண்களுக்கான உண்டு உறைவிடப் பள்ளியும்தான் வழி. கஸ்தூரிபா பள்ளிகளில் முக்கால்வாசி இடம் பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் பெண்களுக்கானது.

விடுதியிலிருந்து ஓடிவருவது முதல் இரண்டு வாரத்திலோ தீபாவளி, பொங்கல் விடுமுறைக்குப் பிறகோ நடக்கும். விடுமுறை முடியும்போது தாய் தகப்பன் சபரிமலைப் பாதையில் இருந்தால் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவிட ஆள் இருக்காது, காரணம் அவ்வளவுதான். ஒரே குடியிருப்பிலிருந்து குறைந்தது இருவரைச் சேர்ப்பது, முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை தாய் வந்து பார்க்க அனுமதிப்பது, விடுமுறை முடியும் நாளில் யார் கூட்டி வருவார் என்பதைச் சேர்க்கையின்போதே பெயரோடு எழுதி வைப்பது, இந்த மூன்றையும் செய்த விடுதியில் தங்குகிறார்கள்.

பதினாலு வயதோடு கல்வி உரிமைச் சட்டத்தின் பிடி தளர்கிறது. அதன்பின் தாங்கிப் பிடிப்பது பணம்தான். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்துவிட்டு மேல்படிப்புக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. "6 முதல்" என்பதைக் கவனியுங்கள். எட்டாம் வகுப்பில் ஓராண்டு விட்டுப்போனவளின் பதிவு எமிஸில் ஒழுங்காக இல்லாவிட்டால் அந்தத் தொகைக்கு அலைய வேண்டிவரும். ஆறாம் வகுப்பிலேயே இதைத் தாயிடம் சொல்லி வைப்பது நல்லது.

புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன் அங்கன்வாடிக்குப் போய்ப் பிறப்புப் பதிவுகளைப் பாருங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை உட்படப் பலவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சேர்க்கையைக் காப்பாற்றும், அதற்குப் பின் வருவதைக் காப்பாற்றாது. பிறந்த 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஓராண்டு தாண்டினால் கோட்டாட்சியர் நிலையில் உத்தரவு வாங்க வேண்டும். பெயர் இல்லாமல் பதிந்த சான்றிதழில் பதினைந்து ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கலாம். அந்த அக்டோபருக்குப் பின் பிறந்த குழந்தைகளில் மூத்தவர்கள் 2029 ஜூனில் முதல் வகுப்புக்கு வருவார்கள். வழியில் பிறந்தவர்கள், சூளையில் பிறந்தவர்கள் யார் யார் என்று கிராமச் செவிலியரிடம் பட்டியல் இருக்கும். அவரை முதலில் பாருங்கள்.